சுதனை எடுக்காத வருடம்

ரப்பர் பந்தும் வியர்வையும் தரைக்குப் பூசிய வார்னிஷும் கலந்த ஒரு மணம்... செவன் ஹில்ஸில் அந்த உள்ளரங்குக்குள் எப்போது நுழைந்தாலும் மூக்கில் ஏறும். கூடவே பழைய கோபமும் ஏறும்.

பன்னிரண்டு வருடம் இருக்கும். ஊர்ப் பள்ளிக்கூடங்களின் பழைய மாணவர் சங்கங்கள் ஞாயிறு காலைகளில் நடத்திய பாஸ்கட்போல் லீக். எங்கள் சங்கத்தின் டீமுக்கு நான் மேனேஜர். ஓட ஆள் இருந்தது, எறிய ஆள் இருந்தது. கூடைக்குக் கீழே நிற்க உயரமான ஒருவன்தான் இல்லை.

ஸ்ட்ராத்ஃபீல்ட் டீமில் சுதன் இருந்தான். ஆறடி நாலங்குலம். இந்த நாட்டுக்குப் படகில் அகதியாக வந்தவன், தற்காலிக விசா, செவன் ஹில்ஸ் வேர்ஹவுஸ் ஒன்றில் வேலை. ஒரு நாள் எங்கள் பிராக்டிஸ் முடிந்து பந்துகளைப் பையில் போட்டுக்கொண்டிருந்தபோது வந்து நின்றான்.

"அண்ணை, உங்கட டீமுக்கு வரட்டே? வேலை முடிய நடந்தே வந்திடுவன். ஸ்ட்ராத்ஃபீல்டுக்குப் போய்ச் சேரேக்க பிராக்டிஸ் பாதி முடிஞ்சிடுது."

அந்த டீமுக்கும் மறுப்பில்லை. பந்தை நடத்திக்கொண்டு போகும் ஆட்டக்காரன், கார்ட், ஒருவன் அவர்களுக்குத் தேவைப்பட்டது. எங்களிடம் மூன்று பேர். அவர்களின் மேனேஜரே போன் எடுத்தார். "ஒராளைத் தாங்கோ, சுதனைக் கொண்டு போங்கோ." இரண்டு சங்கமும் வெள்ளிக்கிழமைக்கு முன் கையெழுத்து வைத்தால் போதும்.

எங்கள் கமிட்டி கூடியது. ஐந்து பேருக்கு ஐந்து கதிரை, ஒரு தட்டு வடை. தலைவர், நாங்கள் டொக்டர் அங்கிள் என்று கூப்பிடுகிறவர், முதலில் கேட்டது இதைத்தான்.

"பெடியன் எந்தப் பள்ளிக்கூடம்?"

"எங்கட இல்லை அங்கிள். பந்து கூடைக்குள்ள விழேக்க பள்ளிக்கூடம் கேக்காதுதானே."

டொக்டர் அங்கிள் ஒரு வடையை எடுத்தார்.

"விசாவும் முடிவில்லையாம். சீசன் நடுவில திருப்பி அனுப்பிப்போட்டாங்களெண்டா? இருக்கிற கார்டும் போய், இவனும் போய்... ஆறுதலாப் பாப்பம்."

"வெள்ளிக்கிழமையோட முடியுது அங்கிள்."

"பாப்பம் எண்டு சொல்லியாச்செல்லே!"

செயலாளர் குலம் அண்ணை கூட்டக் குறிப்புப் புத்தகத்தை மூடினார். அதில் சுதனின் பெயரே இல்லை. எங்கள் சங்கத்தின் வழக்கம் அது. 'இல்லை' என்று எவரும் சொல்லமாட்டார்கள். ஆகவே எழுதுவதற்கும் ஒன்றும் இருக்காது.

வெள்ளிக்கிழமை போனது...

ஃபைனலில் எதிரே ஸ்ட்ராத்ஃபீல்ட். கூடையில் பட்டுத் திரும்பிய பந்தெல்லாம் சுதனின் கைக்கே போனது. நாலு புள்ளியில் தோற்றோம். முடிந்ததும் வந்து கை கொடுத்தான். "அண்ணை, நான் வந்து கேட்டனான்தானே?" அவ்வளவுதான். அடுத்த வருடம் வேறு மாநிலத்தில், டண்டினொங்கில் வேலை கிடைத்துப் போய்விட்டான். அவனை ஒருவரும் திருப்பி அனுப்பவில்லை. இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறான்.

ஆண்டுக் கூட்டத்தில் குலம் அண்ணை அறிக்கை வாசித்தார். உயரமான ஆட்டக்காரரை மேனேஜர் உரிய நேரத்தில் தேடாததே தோல்விக்குக் காரணமாம். டொக்டர் அங்கிள் தலையாட்டினார். அன்றே பிராக்டிஸ் விசிலை மேசையில் வைத்து, மேனேஜர் பதவியை விட்டு வந்தேன். அவருடைய எழுபதாவது பிறந்தநாளுக்கு என் மனைவி மட்டும் போனாள்.

இப்போது அரங்குக்குப் புதுத் தரை, ஸ்கோருக்குப் பெரிய திரை. கமிட்டி வாட்ஸ்அப்பில் கூடுகிறது. போன வாரம் ஓர் ஆட்டக்காரரை மாற்றச் சொல்லி டீம் கேட்டிருந்தது. குலம் அண்ணையின் பதில்: "பாப்பம்." கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள்.

வருகிற ஞாயிறு ஆண்டுக் கூட்டம். செயலாளர் பதவிக்கு நான் நிற்கிறேன். ஒரே ஒரு தீர்மானம்தான் கொண்டுவருகிறேன்... எந்த ஆட்டக்காரரைக் கேட்டாலும் கடைசித் திகதிக்கு முன் ஓம் அல்லது இல்லை. யார் எதைச் சொன்னார் என்று பெயரோடு எழுதவேண்டும்.

"இன்னும் அதை விடேல்லையே?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். விடவில்லை. விடவும் மாட்டேன்.

ஆனால் அந்த ஐந்து கதிரையில் ஒன்று என்னுடையது. வாக்கெடுப்பு வையுங்கோ என்று நான் கேட்கவில்லை. வடையை முடித்து, கை துடைத்து எழும்பி வந்தேன். இத்தனை வருடத்தில் இதை ஒருவரிடமும் சொன்னதில்லை.

வென்றால் முதல் கூட்டத்திலேயே அந்தப் பழைய புத்தகத்தைத் திறந்து, விடுபட்டதை எழுதுவேன். சுதன் கேட்டான். ஐந்து பேர் இருந்தோம். ஒருவரும் பதில் சொல்லவில்லை.

கீழே ஐந்து பெயர். முதலாவது என்னுடையது.