மஃரிப் பாங்கும் கடைசி ஓவரும்

மட்டுப்படுத்தப்பட்ட ஓவர் போட்டிகளுக்கான விதிமுறைகளை நான் தமிழில் எழுதியபோது மகள் இன்னும் குப்புறப் புரளத் தொடங்கவில்லை. அவளை ஒரு தோளில் போட்டுக்கொண்டு மற்றக் கையால் தொலைபேசியில் தட்டித் தட்டித்தான் எழுதினேன். எங்கள் பக்கத்துக் கழகங்கள் எல்லாம் சேர்ந்து வெள்ளிக்கிழமைகளில் நடத்தும் மென்பந்துக் கிரிக்கெட் தொடர் அது. முந்தைய வருடம் வைட் பந்துக்கும் நோ பந்துக்கும் சண்டை பிடித்தே பாதிப் போட்டிகள் குழம்பிப்போயின. அதனால் இந்த முறை எழுத்தில் விதி வேண்டும் என்று முடிவெடுத்திருந்தார்கள். தொடரின் தலைவர் எனக்குக் கணிதம் படிப்பித்த சேர்; என்னை மகள் என்றுதான் சொல்வார். வேறு ஊர்த் தொடர் ஒன்றின் ஆங்கில விதிகளை எங்கிருந்தோ எடுத்து வந்து என் கணவரிடம் கொடுத்து, "மகள் உயர்தரம் படிச்சவதானே, சும்மா இருக்கிற நேரத்தில பாத்து எழுதித் தரச் சொல்லுங்க" என்று சொல்லியிருந்தார்.

சும்மா இருக்கும் நேரம் எது என்று நான் யோசித்துப் பார்த்தேன். ஆனால் சேர் கேட்டால் மறுத்துப் பழக்கமில்லை.

அந்த மாதங்களில் எனக்கு எதுவும் சரியாக உறைக்கவில்லை. சோறு ஆக்கினேன், துணி கழுவினேன், பிள்ளைக்குப் பால் கொடுத்தேன். எல்லாவற்றையும் வேறொருத்தி செய்வதை நான் பக்கத்தில் நின்று பார்ப்பது போல இருந்தது. பயம் மட்டும் ஒழுங்காக வந்தது. பிள்ளை தூங்கினால் மூச்சு இருக்கிறதா என்று மூக்கின் கீழே விரலை வைத்துப் பார்ப்பேன். கேஸ் அடுப்பைப் பூட்டினேனா என்று திரும்பப் போய்ப் பார்ப்பேன். பிள்ளை பெற்றவர்களை வீடு தேடிப் பார்க்கும் மருத்துவமாது வந்து, நித்திரை வருகிறதா மகள் என்று கேட்டபோது ஓம் என்றேன். அவர் அட்டையில் எழுதிக்கொண்டு போனார். உண்மையைச் சொல்லியிருக்கலாமோ என்று பிறகு பல நாள் நினைத்தேன்.

உண்மையில் நான் தூங்கியது வெள்ளிக்கிழமைகளில் மட்டும்தான். நான் பிறந்தது பழைய ஊரில். கலியாணம் கட்டி வந்தது, தொண்ணூறில் மன்னாரில் இருந்து விரட்டப்பட்டு வந்த சனங்கள் குடியேறிய இடத்துக்கு. இடையில் ஒரு மைதானமும் நாலைந்து வெங்காயத் தோட்டங்களும்தான். என் கணவர் இங்கேதான் பிறந்தார். இன்றைக்கும் ஊர்ச் சனம் இந்த இடத்தைக் கேம்ப் என்றுதான் சொல்கிறது. மாமாவும் மாமியும் பழைய காணியைப் பார்க்கவென்று மன்னாருக்கே திரும்பிப் போய்விட்டார்கள். கணவர் காலையில் உப்பளத்துக்குப் போனால் பொழுதுபடத்தான் வருவார். வீட்டில் நானும் பிள்ளையும்தான். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் என் கூடப்பிறந்த மூத்தவர், என் நாநா, தன் முச்சக்கரவண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்துவார். எங்களை ஏற்றிக்கொண்டுபோய் உம்மா வீட்டில் விடுவார். உம்மா பிள்ளையை வாங்கிக்கொள்வார். நான் சுவர் பக்கம் திரும்பிப் படுத்தால் பின்னேரத் தொழுகைக்கான அஸர் பாங்கு வரைக்கும் ஒன்றும் தெரியாது. மற்ற நாட்களில் உம்மாவுக்கு நாநாவின் பிள்ளைகளோடு சரியாக இருக்கும். அந்த ஒரு பின்னேரத்தைப் பிடித்துக்கொண்டுதான் வாரம் முழுவதும் ஓடியது.

நாநா ஊர் அணிக்குத் தலைவர். கணவர் கேம்ப் அணிக்குத் தலைவர். இருவரும் நல்ல மாதிரித்தான். ஆனால் மைதானத்துக்குள் இறங்கினால் யாரும் மச்சான் இல்லை. சண்டை ஒன்று வந்தால் அந்த முச்சக்கரவண்டி என் வாசலுக்கு வராமல் போகும் என்பதுதான் எனக்கு இருந்த பயம். அதனால் சண்டை நுழையக்கூடிய ஓட்டை எல்லாவற்றையும் அடைத்துவிட வேண்டும் என்று நினைத்து நினைத்து எழுதினேன்.

ஆங்கில விதிகளில் பாதி எங்களுக்குப் பொருந்தவில்லை. அதில் திரைப்பலகை பற்றி இருந்தது, புல் வெட்டுவது பற்றி இருந்தது. கருவாட்டுப் பாய் பற்றி இல்லை. காயப்போட்ட கருவாட்டின் மேல் பந்து விழுந்தால் நான்கு ஓட்டம், பந்தை எடுக்கப் போகிறவர் பாயை மிதிக்கக் கூடாது என்று எழுதினேன். வெங்காயத் தோட்டத்துக்குள் போனால் இரண்டு ஓட்டம், அத்தோடு அந்தப் பந்து முடிந்தது, ஏனென்றால் தோட்டக்காரர் உள்ளே இறங்குபவர் மேல் ஊற்ற வாளி நிறையத் தண்ணீரோடு நிற்பார். ஒருவருக்கு இரண்டு ஓவர்தான். வெளிநாட்டில் இருந்து லீவில் வந்தவர் ஆடலாம், ஆனால் தொடரின் நடுவில் வந்து சேர முடியாது. கணவர் வாசித்துவிட்டு, உங்கட நாநா கூட இதில ஓட்டை கண்டுபிடிக்க மாட்டார் என்றார். அது பாராட்டா, குத்தலா என்று தெரியவில்லை. இரண்டு நாள் யோசித்தேன்.

மழைக்கும் வெளிச்சக் குறைவுக்கும் ஆங்கிலத்தில் ஒரு பக்கம் கணக்கு இருந்தது. எங்களுக்கு அது தேவைப்படவில்லை. இங்கே ஆட்டத்தை நிறுத்துவது பொழுதுபடும்போது பள்ளிவாசலில் சொல்லும் பாங்குதான். நான் எழுதியது இவ்வளவுதான்: மஃரிப் பாங்கு கேட்டதும், நடந்துகொண்டிருக்கும் ஓவருடன் ஆட்டம் நிறுத்தப்படும். இரண்டாவதாக ஆடும் அணியின் ஓட்டங்கள், முதல் அணி அதே ஓவர் முடிவில் எடுத்த ஓட்டங்களுடன் ஒப்பிடப்படும். கூடியவர் வென்றவர்.

சேர் வாசித்தார். எல்லா அணித் தலைவர்களும் வாசித்துக் கையெழுத்து வைத்தார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஊரில் ஒரு பள்ளிவாசல், கேம்பில் ஒரு பள்ளிவாசல். இரண்டு பாங்கும் ஒரே நேரத்தில் வராது. ஊரில் முதலில் சொல்வார்கள். எங்கள் பக்கத்தில் பொழுது முழுதாகப் படட்டும் என்ற பேணுதலுக்காகக் கொஞ்சம் பிந்திச் சொல்வார்கள். நோன்புக் காலத்தில் உம்மா வீட்டில் பேரீச்சம்பழத்தை வாயில் போட்ட பிறகும் என் வீட்டில் கோப்பையைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். இது எல்லாருக்கும் தெரியும். தெரிந்தபடியால்தான் யாருக்கும் தோன்றவில்லை. ஊர்க்காரருக்குப் பாங்கு என்றால் ஊர்ப் பாங்கு. கேம்ப்காரருக்குக் கேம்ப் பாங்கு. அவரவர் தன்னுடையதை நினைத்துக்கொண்டு கையெழுத்து வைத்தார்கள்.

இறுதிப் போட்டிக்கு இந்த இரண்டு அணிகளும்தான் வந்தன. அன்றைக்கு வழமை போல நாநா வந்து எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். ஆனால் எனக்குத் தூக்கம் வரவில்லை. அஸர் தொழுதுவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ரோட்டோர வேலியில் மற்றப் பெண்களோடு போய் நின்றேன். பிரதம விருந்தினர் பிந்தி வந்தார். வந்தவர் கையைக் கொடுத்துவிட்டு உட்காராமல் பேசவும் தொடங்கினார். அதனால் ஆட்டமே பிந்தித்தான் தொடங்கியது. வேலியில் நின்ற ஒருத்தி, இவர் பேசி முடியக்குள்ள பெருநாள் வந்துடும் என்றாள்.

ஊர் அணி முதலில் ஆடியது. ஆட்டம் பத்து ஓவர். கேம்ப் அணி ஆடும்போது கணவர் சீக்கிரமே ஆட்டமிழந்து வந்து எல்லையில் உட்கார்ந்துவிட்டார். மற்றவர்கள் இழுத்துக்கொண்டு வந்தார்கள். ஒன்பதாவது ஓவரின் கடைசிப் பந்துகள் போடப்படும்போது ஊர்ப் பள்ளியில் பாங்கு கேட்டது. அந்த ஓவர் முடிந்தது. கேம்ப் அணிக்கு இன்னும் ஏழு ஓட்டம் வேண்டும், ஒரு ஓவர் மிச்சம். ஒன்பது ஓவருக்குக் கணக்குப் பார்த்தால் ஊர் அணிதான் முன்னால். விக்கெட் காத்த நாநா தடிகளைப் பிடுங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தார்.

எங்கள் ஆட்கள் அசையவில்லை. பாங்கு இன்னும் சொல்லவில்லையே, ஓவரைப் போடுங்கள் என்றார்கள். அப்போதுதான் எல்லாருக்கும் விளங்கியது. பிறகு ஊர்ப் பக்கம் நின்ற ஒருவர் சொன்னார்: "அகதிப் பள்ளிக்கு எப்பவும் விடியுறதும் பிந்தித்தான், பொழுதுபடுறதும் பிந்தித்தான்."

"உங்கட மோதினாருக்குப் பசி வந்தாப் பாங்கு சொல்லுவார்" என்று எங்கள் பக்கத்தில் இருந்து பதில் வந்தது.

அவர்கள் இப்படிக் கதைத்துக்கொண்டு நிற்கும்போதே கேம்ப் பள்ளியில் பாங்கு தொடங்கியது. அதோடு எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள். அந்த இடைவெளியில் ஓவரைத் தொடங்கியிருக்கலாம் என்றது ஒரு பக்கம். ஆட்டமே முடிந்துவிட்டது என்றது மற்றப் பக்கம். கிண்ணத்தை ஒருவருக்கும் கொடுக்காமல் சேர் தன் வீட்டு அலுமாரியில் வைத்துப் பூட்டினார். அன்றைக்கு நாநா எங்களை வீட்டில் கொண்டுவந்து விடவில்லை. நான் பிள்ளையோடு கணவரின் பின்னால் நடந்து வந்தேன். மனதுக்குள் அந்த ஒரு வரியைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். எந்தப் பள்ளி என்று இரண்டு சொல் போட்டிருந்தால் முடிந்திருக்கும்.

அடுத்த நாள் காலையில் சேர் வந்தார். கூடவே நாநாவும் வந்தார். கணவர் முற்றத்தில் கதிரை எடுத்துப் போட்டார். நாநா உட்காராமல் முச்சக்கரவண்டியில் சாய்ந்து நின்றார். நான் தேத்தண்ணீர் கொண்டுபோய் வைத்துவிட்டுப் பிள்ளையோடு வாசல் நிலையில் நின்றேன். சேர் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"மகள், எழுதினது நீங்க. எழுதக்குள்ள எந்தப் பள்ளிட பாங்க மனசில வச்சி எழுதினீங்க?"

நான் எதையும் மனதில் வைத்து எழுதவில்லை. நாநா பக்கம் சொன்னாலும் பிறகு இந்த வீட்டில்தான் நான் இருக்க வேண்டும். இந்தப் பக்கம் சொன்னால் வெள்ளிக்கிழமை போய்விடும். தெரியாது சேர் என்று சொல்லலாம். ஆனால் விதியை எழுதியவளே தெரியாது என்றால் பிறகு அந்தத் தாளுக்கு என்ன மதிப்பு. ஆகவே நான் தினமும் செய்வதைச் சொன்னேன்.

"ஊர்ப் பாங்கு கேட்டா முக்காட்டை எடுத்துப் போடுவன் சேர். இங்கத்தப் பாங்கு கேட்டாத்தான் வேலைய நிப்பாட்டுவன்."

சேர் தேத்தண்ணீரைக் குடித்து முடித்தார். பிறகு, மைதானத்திலும் வேலையை நிறுத்தும் பாங்குதான் கணக்கு, மிச்ச ஓவரை வரும் வெள்ளி அஸருக்குப் பிறகு போட்டு முடிப்போம் என்றார். கணவர் தலையைக் குனிந்து சிரிப்பை மறைத்ததை நான் கண்டேன். நாநா என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் ஏதோ ஒன்று உணர்ந்திருப்பேன். அவர் வெறுமனே பார்த்தார்.

"சரி. ஒரு ஓவர்தானே" என்றார். தேத்தண்ணீரைத் தொடாமல் போனார்.

அந்த வாரம் நான் என்ன செய்தேன் என்று ஞாபகம் இல்லை. பதிலை வேறு மாதிரிச் சொல்லியிருக்கலாம் என்று எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் சரியாக அமையவில்லை. அழுகை வந்தால் நல்லது என்று நினைத்தேன். அது வரவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்தது. நான் பிள்ளைக்கு உடுப்பு மாற்றி, பையையும் எடுத்து வைத்துக்கொண்டு வாசலில் இருந்தேன். கற்பிட்டிப் பக்கம் போகிற வாகனங்கள் ரோட்டில் சத்தம் போட்டன. முச்சக்கரவண்டி வரவில்லை. உம்மாவுக்குப் போன் எடுக்க நினைத்தேன், பிறகு வைத்துவிட்டேன். உம்மாவையும் நடுவில் நிறுத்த வேண்டாம் என்று பட்டது.

அஸருக்குப் பிறகு கணவர் மைதானத்துக்குப் போக வெளிக்கிட்டார். செருப்பைப் போட்டவர் திரும்பி வந்து என் மடியில் இருந்த பிள்ளையைத் தூக்கினார். அதற்கு முன் அவளை அவர் வெளியே கொண்டுபோனதில்லை.

"நான்தான் அவுட்டாச்சே. சும்மா பாத்துக்கிட்டுத்தானே இருக்கப்போறன். நீங்க படுங்க" என்றார்.

வெயில் படும், தொப்பியைப் போடுங்கள், பந்து படாத இடமாக உட்காருங்கள் என்று நான் பின்னாலேயே போனேன். கேட்டைத் தாண்டும்வரை ஓம், ஓம் என்றுகொண்டே போனார். நான் வந்து படுத்தேன். மைதானத்தில் இருந்து ஒரு கூச்சல் கேட்டது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. எந்தப் பக்கத்துக் கூச்சல் என்று பிரித்துப் பார்க்க முயன்றது வரைக்கும்தான் தெரியும்.

எழும்பியபோது அறை இருட்டாக இருந்தது. கை பாயைத் தடவியது. பிள்ளை இல்லை. பிறகுதான் ஞாபகம் வந்தது. வெளியே பாங்கு கேட்டுக்கொண்டிருந்தது. அது ஊர்ப் பாங்கா எங்கள் பாங்கா என்று எனக்குத் தெரியவில்லை. முக்காட்டைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு வெளியே போனேன்.

கேட்டுக்கு வெளியே முச்சக்கரவண்டி நின்றது. பிள்ளை நாநாவின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். கணவர் பக்கத்தில் அவளுடைய தொப்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கடைசி ஓவரில் ஏழுக்கு ஐந்துதான் எடுத்தார்கள், கிண்ணம் ஊருக்குத்தான் போனது என்று பிறகு சொன்னார். கடைசிப் பந்து முடிந்ததும் கையுறையைக் கழற்றிக்கொண்டு நேரே நடந்து வந்த நாநா, மச்சானிடம் ஒரு வார்த்தை கதைக்காமல் பிள்ளையை மட்டும் வாங்கிக்கொண்டாராம். பரிசளிப்பு முடியும்வரை அவள் அவர் தோளில்தான் இருந்திருக்கிறாள். கிண்ணத்தையே ஒரு கையால்தான் வாங்கினாராம்.

நாநா உள்ளே வரவில்லை. கேட்டுக்கு மேலால் பிள்ளையை என்னிடம் தந்தார். அவளில் புழுதியும் அவருடைய வியர்வையும் மணத்தன.

"அடுத்த வருஷம் எழுதக்குள்ள எந்தப் பள்ளி என்டும் போடு" என்றார்.

"சரி."

"வாற வெள்ளிக்கிழம ரெடியா இரு. உம்மா உன்னக் கேட்டவ."

சரி என்றேன். இன்னும் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். அவர் வண்டியைத் திருப்பி, விளக்கைப் போட்டு, வெங்காயத் தோட்டத்து வளைவில் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். சந்தோஷம் வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை. ஆனால் மாதக்கணக்காக இருந்த கழுத்து நோவு குறைந்திருந்தது. நன்றாகத் தூங்கியிருந்தேன். பிள்ளையின் மூக்கின் கீழே விரலை வைத்துப் பார்த்துவிட்டு, அவளை உள்ளே கொண்டுபோய்ப் படுக்க வைத்தேன்.