பேச்சிமேட்டுப் பிடிமண்

எங்கள் ஊருக்குப் பேச்சிமேடு என்று பெயர். போடிக்கு மேலே, மலைச்சரிவில் முப்பது வீடு. மலையில் எது மேடு, எது பள்ளம் என்று கேலி செய்கிறவர்கள் உண்டு. அசல் பேச்சிமேடு ஆண்டிபட்டிப் பக்கம், வானம் பார்த்த பூமி; இன்றைக்கு அங்கே ஊரும் இல்லை, கோயிலும் இல்லை. பஞ்சத்தில் அங்கிருந்து கிளம்பிய எங்கள் பாட்டன்மார், பேச்சியம்மன் காலடியில் ஒரு பிடி மண் அள்ளி முடிந்துகொண்டு எஸ்டேட் வேலைக்கு மலையேறினார்கள். அதைப் போட்டுப் பீடம் எழுப்பிய இடத்துக்குப் பழைய பெயரே வந்து சேர்ந்தது. எஸ்டேட்காரர்கள் மூன்றாம் டிவிஷன் என்று எழுதிக்கொண்டார்கள். எவன் என்ன எழுதினால் என்ன, ஜீப்காரனிடம் நாங்கள் பேச்சிமேடு என்று சொல்லித்தான் ஏறினோம்.

இரண்டு மழைக்காலம் தொடர்ந்து மண் சரிந்ததில் எங்களைக் கீழே இறக்கிவிட்டார்கள். அடிவாரத்தில் வரிசையாகக் காங்கிரீட் வீடுகள். முகப்பில் ‘மறுகுடியமர்வுப் பகுதி’ என்று ஒரு தகரப் பலகை. அதைக் கண்டாலே அப்பாவுக்கு ஆகாது.

“ஏலே, பிடிமண் வராம பேரு வராது. எனக்கு முட்டி மடங்கமாட்டேங்குது. நீ போயி ஆத்தா காலடியில எடுத்துட்டு வா. வேற எங்கனயும் கை வச்சிராத” என்றார்.

தேனியில் நான் குமாஸ்தா. ஒரு நாள் லீவு போட்டுப் போனேன். செக்போஸ்ட்டில் காவலர் மறித்தார்.

“மேல பாதை சரிஞ்சு கெடக்கு சார். பெரிய ஆபீசர் கையெழுத்து இல்லாம விட்டா என் வேலை போயிரும்.”

கெஞ்சினேன், சத்தம் போட்டேன். மறுநாள் புதுப் பீடத்துக்குப் பூசை. கையெழுத்துக்கு அலைந்திருக்கலாம், பூசையைத் தள்ளிவைக்கச் சொல்லியிருக்கலாம். எனக்குப் பொறுமையில்லை, அவ்வளவுதான். ரோட்டோரத்தில் ஒரு பிடி அள்ளினேன். அதில் பீடித்துண்டு ஒன்று கிடந்தது. பொறுக்கி எறிந்துவிட்டு மண்ணை மஞ்சள் துணியில் முடிந்தேன்.

அப்பா இரண்டு கையாலும் வாங்கினார். நெற்றியில் பூசிக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. பீடம் எழும்பியது, ஆறு மாதத்தில் பலகையிலும் பேச்சிமேடு என்று எழுதினார்கள். அப்பா அதன் கீழே நாற்காலி போட்டு, போகிற வருகிறவர்களுக்கெல்லாம் ஊர்ப்பெயரின் கதையைச் சொன்னார். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று எத்தனையோ தடவை பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கிறேன். அவர் முகத்தைப் பார்த்தால் வாய் வராது. போன தையில் போய்ச் சேர்ந்தார். இனியாவது மனசு ஆறும் என்று நினைத்தேன், பாவி.

தலைமகன் என்பதால் பூசை இப்போது என் பொறுப்பு. போன வாரம் திருப்பூரிலிருந்து சித்தப்பா மகன் குடும்பத்தோடு வந்தான். அங்கே நம் ஆட்கள் பத்து வீடு சேர்ந்து இடம் வாங்கியிருக்கிறார்கள்.

“ஒரு பிடி மண்ணு குடுங்கண்ணே. அங்கனயும் பேச்சிமேடுன்னே பேரு வச்சிருவோம்” என்று துண்டை விரித்தான். கைக்குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவன் மனைவி கண்ணை மூடி நின்றாள்.

சொன்னால், அப்பா எதை நெற்றியில் பூசினார் என்பதையும் சொல்ல வேண்டும். நிஜப் பேச்சி மேலே, அடுத்த மழையில் சரிந்த மண்ணுக்கடியில் கிடக்கிறாள். எங்களுக்கு இனி எந்த ஊரிலும் அவள் இல்லை. அதை அறிந்தவன் நான் ஒருவன்தான்.

குனிந்து, என் கையாலேயே அள்ளிக் கொடுத்தேன்.