வட்டம் என்றுதான் சொன்னேன்

பிரான்சில், லியோன் நகரில் நான் வேலை செய்யும் ஆய்வகத்துக்குச் சினைப்பைச் செல்கள் வரும் குழாயில் எண் மட்டும்தான் இருக்கும். செல்களைத் தந்த பெண் யார், கல்யாணமாகி எத்தனை வருஷம் என்று ஒருவரும் கேட்பதில்லை. எனக்கு இது இன்னும் பழகவில்லை. புதுச்சேரிப் பக்கம் எங்கள் ஊர் ஏம்பலத்தில் மருந்துக்கடைக்காரர் மாத்திரையை எடுத்துக் கொடுப்பதற்குள், யாருக்கு, எதற்கு என்று பஸ் ஸ்டாப் வரைக்கும் தெரிந்துவிடும்.

என் தங்கை கவிதா பண்டசோழநல்லூரில் வாழ்க்கைப்பட்டவள். குழந்தை இல்லை, மாதவிலக்கும் ஒழுங்காக வருவதில்லை. பிசிஓஎஸ், அதாவது சினைப்பை நீர்க்கட்டி என்றார் டாக்டர். என் ஆராய்ச்சியும் அதைப் பற்றித்தான். ஆகவே அவள் மாமியாரைப் பொறுத்தவரை, மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு கொடுக்காமல் இருப்பவள் நான். பொங்கலுக்குப் போனபோது பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, அவ்ளோ பெரிய வேல பாக்கற. அப்படி இன்னாதான் கண்டுபுடிச்சீங்க?"

பொறுமையாகவே சொன்னேன். ஜீனிலிருந்து உடம்பு எடுக்கும் நகல் பெரும்பாலும் நூல் மாதிரி இரண்டு முனையோடு இருக்கும். சிலது மட்டும் முனையோடு முனை ஒட்டி வளையமாகிவிடும்; வட்ட ஆர்என்ஏ என்று பெயர். முனை இல்லாததால் சீக்கிரம் சிதையாது. பிசிஓஎஸ் உள்ளவர்களின் கருமுட்டையைச் சுற்றியுள்ள செல்களில் இவற்றில் சில கூடியும் சில குறைந்தும் இருக்கின்றன. அதுதான் காரணமா, இல்லை நோயால் வந்த விளைவா என்று இன்னும் தெரியாது.

"வட்டம்னா நீர்க்கட்டிதான?"

"இல்ல அத்தை. இது எல்லார் ஒடம்புலயும் இருக்கும்."

"ஜீனுன்னா வம்சத்துல வர்றதுதான?"

நான் லியோன் திரும்பியதுமே கவிதா போன் செய்தாள். "இன்னாக்கா சொல்லித் தொலைச்ச? நம்ம வம்சத்துலயே கோளாறாம். அவ அக்காவே படிச்சுட்டு சொல்லிட்டான்னு தெரு பூரா சொல்லிட்டாங்க. அவருக்கு வேற பொண்ணு பாக்கப் போறாங்களாம்."

'இன்னும் தெரியாது' என்று நான் சொன்னதை மட்டும் அந்தத் தெருவில் யாருமே கேட்கவில்லை. எரிச்சல் தாங்காமல் கூட வேலை செய்யும் கிளேரிடம் கொட்டினேன். அவளோ, "உன் தங்கையின் மாதவிலக்கு மாமியாருக்கு எப்படித் தெரியும்?" என்றாள். ஒரே வீடு என்றேன். "அவளுக்கென்று அறை இல்லையா?" இருக்கிறது. "கதவு?" இருக்கிறது, சாத்துவதில்லை என்றேன். இவளுக்கு விளக்குவதற்கு மாமியாருக்கு ஆர்என்ஏ விளக்குவதே மேல்.

நான் அடுத்த விமானம் கிடைக்குமா என்று பார்த்துக்கொண்டிருக்க, கவிதாவே முடித்துவிட்டாள். பெண் பார்க்கும் பேச்சு நடந்துகொண்டிருந்த கூடத்துக்கு நடுவில் போய் நின்றிருக்கிறாள். "எனக்கு எல்லா டெஸ்ட்டும் எடுத்தாச்சு. ஒங்க புள்ளைக்கு ஒண்ணுகூட எடுக்கல. எடுத்துட்டு வரட்டும், அப்பறம் பொண்ணு பாருங்க." அவள் கணவர் எழுந்து, சட்டையை மாட்டிக்கொண்டு, பைக்கை எடுத்தாராம்.

நேற்று ஆய்வக வராந்தாவில் நின்று அவளுக்குப் போன் செய்தேன். "ரிசல்ட் இன்னாடி?"

"எங்க ரெண்டு பேருக்குத் தெரியும். அது போதும். பொண்ணு பாக்கற பேச்சும் அடங்கிடுச்சு."

"எனக்குக்கூடவா சொல்ல மாட்ட?"

"உனக்குச் சொன்னா வெளக்கம் குடுப்பக்கா."

அதற்குள் கிளேர் கதவைத் திறந்து கூப்பிட்டாள். அவசரத்தில் கவிதாவிடம் பிரெஞ்சில் "பர்தோன்" என்றும், கிளேரிடம் தமிழில் "தோ வந்துட்டன்" என்றும் சொல்லிவிட்டேன். இருவரும் ஒரே நேரத்தில், அவரவர் மொழியில், "இன்னா?" என்றார்கள்.