சாலம்மாளின் சுருட்டுப் பானை

கச்சிராயபாளையத்தில் சாலம்மாளிடம் அடி வாங்காதவர்கள் கொஞ்சம் பேர்தான். கொழுந்தன் ராமசாமி ஒரு மழைநாளில் அவளுடைய பானைக்குள் திருட்டுக் கை விட்டான். உலக்கையால் ஒரே போடு. முன்பல் இரண்டும் பானையிலிருந்த சாமைக்குள் விழுந்தன. அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான் என்பார்கள். அதற்குப் பிறகு ராமசாமி அந்த வாசலில் நின்று இருமியதுகூட இல்லை.

சாமைக்கு அடியில் இருந்தது சுருட்டு. கூலிக்காரிதான், ஆனால் சுருட்டு விஷயத்தில் அவளுக்கு ஜமீன்தார் பிடிவாதம். சந்தையில் வாங்கியதை அப்படியே பற்றவைக்க மாட்டாள். "பச்ச சுருட்டு நெஞ்ச அறுக்கும்" என்பாள். கல்வராயன் மலைப் பலாச்சுளையைக் காயவைத்து, சுருட்டு ஒரு அடுக்கு, சுளை ஒரு அடுக்கு என்று சின்னப் பானையில் வைத்து, வாயைத் துணியால் கட்டி, சாமை கொட்டிய பெரிய பானைக்குள் புதைத்துவிடுவாள். அடைமழையில் பூஞ்சணம் பிடிக்காமல் எடுத்துத் திருப்பி வைப்பாள். இரண்டு மழைக்காலம் கழிந்தால் புகை இதமாக இறங்கும். அந்த வாசம் ஊரில் வேறெந்தச் சுருட்டுக்கும் கிடையாது. அவளும் புருஷன் வேடியப்பனும் மட்டும்தான் அதைப் பிடிப்பார்கள்.

கோமுகி அணை கட்டி வாய்க்காலில் தண்ணீர் வந்த புதிது. தண்ணீரோடு வெட்டுக்குத்தும் வந்தது. கூலிக்குப் பண்ணைக்காரர் நாராயணசாமியின் கரும்புக்கு நீர் பாய்ச்சப் போன வேடியப்பன் மடையிலேயே செத்துக் கிடந்தான். மண்வெட்டி அவன் மண்டையைப் பிளந்திருந்தது. காலையில் அவள் கொடுத்தனுப்பிய சுருட்டுக் கட்டு மடியில் இல்லை.

சாட்சி யாரும் இல்லை. போலீஸ் நாலு பேரை உதைத்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. "ஆறின கஞ்சி பழங்கஞ்சி, வுடு சாலம்மா" என்றது ஊர். அவள் விடவில்லை. கொன்றவன் யாரென்று தெரியாமல் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. எவன் சுருட்டு பற்றவைத்தாலும் பக்கத்தில் போய் நின்று மோந்து பார்த்தாள். அதைக் கேலி செய்த குடிகாரன் ஒருவனின் காதைக் கடித்துத் துப்பினாள். வீட்டுக்கு வந்து குமுறிக் குமுறி அழுதாள்.

மறுவருஷம் நாராயணசாமிக்குப் பக்கத்து வயல்காரன் சின்னராசுவின் கரும்பு வெட்டுக்குப் போயிருந்தாள். உச்சிவெயிலில் காற்று திரும்பியபோது பலா வாசம் வந்தது. சாலம்மாள் வெட்டை நிறுத்தினாள். அரிவாளோடு வரப்புக்குப் போனாள். சின்னராசு உட்கார்ந்து சுருட்டு பிடித்துக்கொண்டிருந்தான்.

"சுருட்டு எங்க வாங்குனதுங்க?"

"சின்னசேலம் சந்தையில. உனுக்கு இன்னா அத்தப் பத்தி?"

"சந்தையில பச்ச சுருட்டுதான் விப்பான். இத்துல பலா வாசன வருதே."

சின்னராசு வாயிலிருந்து சுருட்டை எடுத்துப் பார்த்தான். "ஒரு வருசத்துல வாசன போயிருக்குமே" என்றான், தனக்குத்தானே.

"வெக்க வெக்கத்தாங்க வாசன ஏறும்."

அவன் கை மண்வெட்டிக்குப் போனது. போன கை திரும்பி வரவில்லை. அவள் வெட்டிய வெட்டில் மணிக்கட்டோடு வரப்பில் விழுந்தது.

வலியில் அவன் கத்திக் கத்தி உளறியதை வெட்டாட்கள் எல்லோரும் கேட்டார்கள். தன் வயலுக்கு மடையைத் திருப்ப விடாததால் வேடியப்பனை அடித்தானாம். மடியிலிருந்த சுருட்டை விட மனசு வராமல் எடுத்துப்போய், வாசம் போகட்டும் என்று நெல் குதிருக்குள் புதைத்து வைத்தானாம். நெல்லானாலும் சாமையானாலும் சுருட்டுக்கு ஒன்றுதான் என்பது அந்த முட்டாளுக்குத் தெரியவில்லை.

வரப்பில் விழுந்து கிடந்த சுருட்டு இன்னும் புகைந்துகொண்டிருந்தது. சாலம்மாள் அதை எடுத்து முந்தானையில் துடைத்தாள்.

"அத்த ஏன்டி வாயில வெக்கிற, ரத்தம்டி" என்றாள் கூட வந்த காசியம்மாள்.

"எங்க வூட்டுக்காரரு குடிக்காம வுட்டதுடி. வேற யாரு குடிப்பா?"

போலீஸ் வரும்வரை வரப்பிலேயே உட்கார்ந்து, அழுதுகொண்டே, கடைசி வரை பிடித்தாள்.