பளபளத்த எடைக்கற்கள்

பாராட்டி எழுதினால் ஒருவருக்குக் கெடுதல் வருமா? வந்ததே! போன வியாழக்கிழமை, என் கண் முன்னாலேயே.

ஏற்காடு பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் சின்னப்பொண்ணு என்ற அம்மாள் கடை வைத்திருப்பதைப் பற்றி இரண்டு மாதத்துக்கு முன் இந்தப் பத்திரிகையில் இதே பக்கத்தில் எழுதியிருந்தேன். நாகலூர்க்காரர். சொந்தக் காட்டு மிளகு, காப்பிப் பொடி, ஏலக்காய் விற்கிறார். கடையில் எல்லாமே சுத்தம், எடைக்கற்கள்கூடத் தங்கம் மாதிரி பளபளக்கும் என்று கொஞ்சம் தாராளமாகவே புகழ்ந்திருந்தேன்.

வியாழக்கிழமை மிளகு வாங்கப் போனால், கையில் டைரியுடன் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். பின்னால் மரப்பெட்டியைச் சுமந்தபடி ஒரு பியூன். சேலத்திலிருந்து வந்த முத்திரை இன்ஸ்பெக்டராம். கடைகளில் இருக்கிற தராசிலும் எடைக்கல்லிலும் சர்க்கார் முத்திரை இருக்கிறதா என்று சோதிப்பவர்.

நான் யார் என்று தெரிந்ததும் மனிதர் சிரித்தார்.

“நீங்க எழுதினதைப் படிச்சுட்டுத்தான் சார் வந்தேன். எடைக்கல்லு பளபளன்னு இருந்தா எங்களுக்குச் சந்தேகம் வந்துருமுங்க.”



சின்னப்பொண்ணுவோ பெருமையாகப் பித்தளைக் கற்களை எடுத்து வரிசையாக வைத்தார். இன்ஸ்பெக்டர் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். கல்லின் அடியில் ஈயம் ஊற்றி, அதன் மேல்தான் முத்திரை குத்துவார்களாம். ஒன்றிலும் முத்திரை இல்லை. ஈயம் மழமழவென்று இருந்தது.

“முத்திரை எங்கீங்கம்மா?”

“போன வருசம் முத்திரை கேம்ப்புல நீங்கதானுங்க போட்டீங்க! சர்ட்டிபிகேட் பாருங்க, மாட்டியிருக்கறன்.”

சுவரில் இருந்தது. லைசென்ஸ், வார விடுமுறை அட்டை, முத்திரைச் சான்று... சட்டம் கேட்ட காகிதம் அத்தனையும் சட்டம் போட்டு, பொட்டும் வைத்து!

“காயிதத்துல இருக்குதுங்க. கல்லுல இல்லையே? எதைப் போட்டுத் தேய்ச்சீங்க?”

“வெள்ளிக்கிழமையானா புளியும் செங்கப்பொடியும் போட்டுத் தேய்ப்பனுங்க. குத்துவெளக்குத் தேய்க்கறாப்பல. நொம்ப அழுத்தித் தேய்ப்பனுங்க.”

இன்ஸ்பெக்டர் பெட்டியைத் திறந்தார். தராசின் ஒரு தட்டில் தன்னுடைய இருநூறு கிராம் கல். இன்னொன்றில் சின்னப்பொண்ணுவுடையது. சின்னப்பொண்ணு பக்கத்துத் தட்டு மேலே ஏறியது. கொஞ்சம்தான் – ஆனால் ஏறியது.

தேய்த்துத் தேய்த்து முத்திரையும் போய்விட்டது, எடையும் குறைந்துவிட்டது. கேஸ் எழுதினால் சேலம் கோர்ட்டுக்கு அலைய வேண்டும். அதுகூடப் போகட்டும். எடையில் ஏமாற்றுகிறவள் என்று மலை முழுக்கப் பேர் கிளம்பினால், அப்புறம் கடையைத் திறந்து என்ன பிரயோசனம்? தலையில் கூடை சுமந்து விற்றவர், கடை எடுத்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. இந்தப் பேனாவை வைத்துக்கொண்டு நான் சும்மா இருந்திருக்கக் கூடாதா?

“சார், இந்த அம்மா அப்படிப்பட்டவங்க இல்ல...” என்று இழுத்தேன்.

“இருங்க சார். அம்மா, எனக்கு இருநூறு மிளகு போடுங்க. எப்பவும் போடறாப்பலயே போடுங்க.”

சின்னப்பொண்ணு எடை போட்டார். போட்டு முடித்து, பழக்கதோஷத்தில் இன்னொரு பிடி மிளகை அள்ளிப் போட்டுப் பொட்டலம் கட்டினார். இன்ஸ்பெக்டர் அந்தப் பொட்டலத்தைத் தன் கல்லுக்கு எதிரே வைத்தார். மிளகுத் தட்டு ‘டக்’கென்று கீழே இறங்கியது.

“கொசுறோட சேர்த்தா எடை கூடுதலாத்தான் இருக்குது. யாருக்கும் நஷ்டமில்ல. சரி, விடுங்க” என்று டைரியை மூடப் போனார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

சின்னப்பொண்ணு விடவில்லை.

“அதெப்படிங்க சரியாகும்? கொசுறு நானாப் பிரியப்பட்டுப் போடறதுங்க. எடை அவங்களுக்குச் சேர வேண்டியதுங்க. இதைக் கொண்டுபோய் அதுல ஈடு கட்டலாமுங்களா?” டைரியைக் காட்டினார். “கல்லு குறைஞ்சது குறைஞ்சதுதானுங்க. நீங்க எழுதிக்கோங்க.”

நானும் எத்தனையோ பெரிய மனிதர்களைப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு நியாயத்தை யாரும் பேசிக் கேட்டதில்லை. இன்ஸ்பெக்டரும் கேட்டதில்லை போலிருக்கிறது, மூடப் போன டைரியை மறுபடி விரித்தார்.

பிறகு எழுதினார். கேஸ் இல்லை – தெரியாமல் நடந்த தவறு, எச்சரிக்கை மட்டும். பழைய கற்களைப் பெட்டியில் போட்டுக்கொண்டார். சின்னப்பொண்ணு அப்போதே கடையைச் சாத்தி, புது இரும்புக் கற்கள் வாங்கி, பஞ்சாயத்து ஆபீசில் அன்று நடந்த முத்திரை கேம்ப்பில் முத்திரை குத்தி வாங்கி வந்துவிட்டார்.

“இதைத் தேய்க்காதீங்க அம்மணி. துணியில தொடச்சாப் போதும்” என்று சொல்லித்தான் கொடுத்தாராம் இன்ஸ்பெக்டர்.

சட்டம், சோதனை என்றாலே திருடனைப் பிடிக்கத்தான் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். நல்லவர்கள் தெரியாமல் செய்கிற தப்பை அவர்களுக்கு யார் சொல்வது? அதற்கும் ஒரு ஆள் வேண்டியிருக்கிறது. அந்த ஆள் கொஞ்சம் மனிதராகவும் இருந்துவிட்டால்... நாடு உருப்பட்டுவிடும் என்றே தோன்றுகிறது.

நேற்று மறுபடி போனேன். புதுக் கல்லை வைத்து இருநூறு கிராம் மிளகு நிறுத்தார். தராசு முள் நடுவில் நின்றது. உடனே கை தானாக நீண்டு, இன்னொரு பிடியை அள்ளிப் போட்டது.

“இப்பத்தான் கல்லு சரியாயிடுச்சே, இன்னும் எதுக்கம்மா கொசுறு?”

“கல்லு சர்க்காருதுங்க சார். கை என்னுதுங்களே!”