படிக்கட்டுக்கு அடியில் ஒரு போஸ்ட்

எனக்கு உட்கார்ந்து எழுத வராது. சொல் ஒன்று வந்தால் கைக்கு முன்னால் கால் எழுந்துவிடும். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வேலைக்குப் போகும் டவுன் பஸ்ஸில், கம்பியைக் கட்டிக்கொண்டு நின்றபடி பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். வீட்டில் குளிர்சாதனப் பெட்டியின் தலைதான் என் மேசை. ஒரு வரி, அடுப்படி வரை ஒரு நடை, மறுபடி ஒரு வரி.

அப்படித்தான் ஒரு நாள் கையும் களவுமாகப் பிடிபட்டேன். பிடித்தவர் என் வீட்டுக்காரர். பட்டாளத்தில் ஓய்வு வாங்கி ஊரோடு வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அதற்கு முன்னால் லீவில் வந்து போகும் விருந்தாளி அவர். இப்போது வீட்டிலிருந்த எல்லாக் கீல்களுக்கும் எண்ணெய் விட்டாயிற்று, செருப்புகளை உயர வரிசையில் நிறுத்தியாயிற்று. இனிச் சரிசெய்ய நான் மட்டும்தான் பாக்கி.

"ஏட்டி, என்ன இது, கொக்கு மாதிரி நின்னுக்கிட்டு எழுதுத? உனக்குன்னு ஒரு போஸ்ட் வேணும்ல."

போஸ்ட் என்றால் அவர் பாஷையில் காவல் நிற்கும் இடம். அன்றைக்கே கூடத்துப் படிக்கட்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். செத்துப்போன இன்வெர்ட்டர் பேட்டரி, கழுத்தொடிந்த ஃபேன், வெங்காய மூட்டை, கிறிஸ்துமஸ் ஸ்டார் எல்லாம் வெளியேற்றப்பட்டன. என்னை நாற்காலியில் உட்காரவைத்து, "நிமிந்து உக்காரு" என்று அதட்டி, தரையிலிருந்து உச்சந்தலை வரை டேப் பிடித்தார். அதற்கு மேல் நாலு விரல் சேர்த்துக்கொண்டார். உட்கார்ந்திருக்கும் மனைவிக்கு அளவு கச்சிதம். எழுந்து நிற்கும் மனைவி அந்தத் திட்டத்திலேயே இல்லை.

பத்தே நாளில் வெள்ளையடித்து, பலகை அடித்து, பல்பு மாட்டிவிட்டார். பக்கத்து வீட்டு அக்கா பேண்டேஜ் கம்பெனியில் வேலை பார்ப்பவர். திரைக்கென்று கழிவுத் துணி ஒரு சுருள் கொண்டுவந்தார். அதைக் கட்டி உள்ளே உட்கார்ந்தபோது, டாக்டர் எத்தனை மணிக்கு வருவார் என்று கேட்கத் தோன்றியது.

முதல் நாளே ஒரு நல்ல வரி வந்தது. எழுந்தேன். மேலே கான்கிரீட். வரி போய்விட்டது, வீக்கம் மட்டும் தங்கியது.

"எந்திரிக்கதுக்கு ஒரு முறை இருக்குல்ல" என்றார் அவர். "மொதல்ல எடது பக்கம் ஒரு எட்டு நகரு. பொறவு குனி. வெளிய வா. அதுக்குப் பொறவு நிமிரு. எங்க, ஒருக்கா செஞ்சு காட்டு."

செய்து காட்டினேன். ஆனால் வரி வரும்போது இடது எது, வலது எது? தினம் ஓர் இடி. போதாததற்குத் திரைக்கு வெளியே அவரே காவல். பால்காரர் வந்தால், கேஸ்காரர் வந்தால், "சத்தம் போடாதீக! உள்ள அவ எழுதுதா!" அந்தக் குரல் வன்னியம்பட்டி வரை கேட்டிருக்கும்.

ஒரு மாதம் போனது, ஒரு பத்திகூடத் தேறவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. வந்த நாளிலிருந்து என்ன செய்வதென்று தெரியாமல் அலைந்த மனிதர், மலர்ந்த முகத்தோடு செய்த ஒரே காரியம் இது. சொல்லாவிட்டால் எழுத்து போகும். சொன்னால் அந்த முகம் போகும்.

இந்த இக்கட்டோடு ஒரு சனிக்கிழமை மத்தியானமே வேலை முடிந்து ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து திரும்பினேன். வாசலிலேயே மறித்தார் பக்கத்து வீட்டு அக்கா.

"என்னம்மா, ரெண்டு பேருக்கும் சண்டையா? அண்ணனப் போயி படிக்கு அடியில போட்டுட்டீகளே!"

உள்ளே போய்த் திரையை விலக்கினேன். பனியனோடு, முதுகு ஆணி அடித்தது போல நிமிர்ந்து, கையில் டீ டம்ளரோடு உட்கார்ந்திருந்தார். தலைக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி. என்னைப் பார்த்ததும் இடது பக்கம் ஒரு எட்டு நகர்ந்து, குனிந்து, வெளியே வந்து நிமிர்ந்தார். ஒரு முடிகூடக் கலையவில்லை.

"செத்த நேரம் உக்காந்து பாத்தேன்" என்றார், திருடித் தின்றவர் மாதிரி.

"தெனமுமா?"

"நீ வேலைக்குப் போன பொறவுதான்." டம்ளருக்குள் பார்த்துக்கொண்டார். "கூடத்துல உக்காந்தா முதுகுக்குப் பின்னால யாரோ வார மாதிரியே இருக்கு. இங்கன மூணு பக்கமும் சொவரு. அம்புட்டு நிம்மதி."

இத்தனை பெரிய வீட்டில் முதுகு சாய்க்க அவருக்கு ஓர் இடம் இல்லாமல் இருந்திருக்கிறது. எனக்கோ சுவர்தான் பகை.

"அப்ப நீங்களே வச்சுக்கோங்களேன்."

"நீ?"

"எனக்கு நடந்தாத்தாங்க எழுத்து வரும்."

"அப்ப இம்புட்டு நாளும் உள்ள என்னட்டி பண்ணுன?"

"தலையத் தடவிக்கிட்டு இருந்தேன்."

முறைத்தார். பிறகு தோள் குலுங்கியது. டீ தளும்பித் தரையெல்லாம் சிந்தியது. தரையில் டீ சிந்தியதற்கு அவர் துணி தேடாதது அன்றைக்குத்தான்.

இப்போது போஸ்ட் அவருடையது. நான் படிகளை எடுத்துக்கொண்டேன். மேலே ஏறும்போது ஒரு வாக்கியம் தொடங்கும், இறங்கும்போது முடியும். சொல் கிடைக்காவிட்டால் பாதியில் நின்று காலால் படியைத் தட்டுவேன். தட்டினால் போதும், கீழிருந்து குரல் வரும்:

"ஏட்டி, ஒண்ணு ஏறு, இல்ல எறங்கு! சுண்ணாம்பு உதிருதுல்ல!"