எந்தக் கால்?

புத்தகத்தைக் கவிழ்த்துப் போட்டு, கடைசிப் பக்கத்திலிருந்துதான் தொடங்குகிறார். முதலில் நூற்பட்டியல், அப்புறம் அடிக்குறிப்புகள். முன்னட்டையில் வெள்ளுடைக்காரர் ஒருவர் கைகளை விரித்து நிற்பதை அவர் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. எங்கள் நூலகத்தில் அவருக்குப் ‘பின்னட்டை’ என்று பெயர். நூலகரான நான் வைத்ததுதான், அவருக்கும் தெரியும்.

அச்சகத்தில் முப்பத்தாறு வருடம் மெய்ப்புத் திருத்தியவர். ஓய்வு பெற்ற பிறகும் சட்டைப்பையில் சிவப்புப் பென்சில் இருக்கிறது. ஒருமுறை கோடு போடப் போனவரை நான் முறைத்தேன். அன்றிலிருந்து பென்சிலைத் திருப்பிப் பிடித்து, மழுங்கிய முனையால் வரிகளைத் தொட்டுக்கொண்டு போகிறார்.

போன வருடம் மாடிப்படியில் இரண்டு முறை விழுந்தார். எலும்பு ஒன்றும் முறியவில்லை, ஆனால் பயம் பிடித்துக்கொண்டது. வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. இன்னொரு தடவை விழுந்தால் வீட்டைக் காலி செய்துவிட்டு மகளோடு போய் இருப்பது என்று மனைவி முடிவு கட்டிவிட்டார். இவருக்கோ அந்த வீட்டை விட்டு நகர மனமில்லை. தாய்ச்சி பழகுங்கள், கால் நிதானப்படும் என்றார் மருத்துவர். மெள்ள மெள்ள அசைந்து செய்யும் சீன உடற்பயிற்சி அது. வகுப்பில் சேரச் சொன்னதற்கு, “நாலு பேர் முன்னாடி நான் தள்ளாடணுமா? நல்ல புத்தகமா பாத்து நானே கத்துக்கிறேன்” என்றாராம். ஐந்து மாதம் ஆகிறது. இன்னும் புத்தகமே தேறவில்லை.

மற்ற கிளைகளிலிருந்தெல்லாம் நான் வரவழைத்துக் கொடுத்த பத்தில் ஒன்பதைக் கழித்துவிட்டார். “ஆயிரக்கணக்கான வருஷம்னு அடிச்சு விடறான். யார் சொன்னா? அடிக்குறிப்பு எங்க?” என்பார். “இவன் அவனைப் பாத்து எழுதியிருக்கான்மா. அவன் பண்ண தப்பு அப்படியே இங்கயும் இருக்கு பாருங்க.”

“சார், இதெல்லாம் பரீட்சைக்கா, காலுக்கா?” என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

“காலுக்குத்தான். அதனாலதான் தப்பு இருக்கக் கூடாதுங்கறேன்.”

எரிச்சலாக வந்தது. அவர் எழுந்து போகும்போது மேசை, அலமாரி, சுவர், கதவு என்று எதையாவது பிடித்துக்கொண்டே போனதைப் பார்த்ததும் அது போய்விட்டது. பாவமாக இருந்தது.

நேற்று மனைவி அழைத்துப் போக வந்தபோது பத்தாவது புத்தகத்தில் மூழ்கியிருந்தார். நூற்பட்டியல் மட்டுமே முப்பது பக்கம். எனக்கே நம்பிக்கை வந்திருந்தது.

“இங்க இடிக்குது” என்றார். “வலது காலைத் தூக்குன்னு எழுதியிருக்கு. படத்துல இடது கால்.”

“ஏதோ ஒரு காலைத் தூக்கித் தொலைங்களேன்!” என்றார் மனைவி.

அவர் காதில் வாங்கவில்லை. முந்தின படத்தையும் அடுத்த படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிடிபடவில்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். மேசையைப் பிடித்தபடி முந்தின நிலையில் நின்று, திரும்பி, இடது காலில் பாரத்தை இறக்கினார். புத்தகத்தில் இரண்டு கையும் மேலே இருந்தன. அவரும் உயர்த்தினார். வலது பாதம் தரையை விட்டுத் தானாகக் கிளம்பியது.

“வரி சரிதான்! படத்தோட ஃபிலிமைத் திருப்பிப் போட்டு இடம் வலமா அச்சடிச்சுட்டான். எங்க அச்சகத்துலயே நடந்திருக்கு” என்று ஒற்றைக் காலில் நின்றபடியே பென்சிலை ஆட்டினார்.

தாங்கிப் பிடிக்க மனைவி நீட்டிய கை பாதியில் நின்றது. சத்தம் வந்துவிடாமல், அந்தக் கையாலேயே தன் வாயைப் பொத்திக்கொண்டார்.